ஒரு புகைப்படத்தின் முன்னால் இருபது நிமிடம்

கேள்வி: "ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போனேன். அறுபது படங்களையும் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த தோழி அவ்வளவு நேரமும் ஒரே படத்தின் முன்னால் நின்றிருந்தாள். நான் எதைத் தவறவிட்டேன்? படங்களை நிதானமாகப் பார்க்கப் பழகுவது எப்படி?"

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பெயர்பெற்ற ஓவியங்களின் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து, 2001ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். ஓவியத்துக்கே இந்த நிலை. புகைப்படத்துக்கு இதைவிடக் குறைவாகத்தான் கொடுப்போம் என்று நினைக்கிறேன். அம்மா, குழந்தை, தெரு, கோயில் எல்லாம் பார்த்தவுடனேயே இன்னதென்று தெரிந்துவிடுகின்றன. தெரிந்ததும் மனசு அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. பெயர் வைத்தாயிற்று என்றால் கண் தன் வேலையை நிறுத்திவிடும். உங்களுக்கு அன்று நடந்தது இதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அப்பாவிடம். அவர் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, நெகடிவ்மேலேயே பென்சிலால் செய்கிற வேலை அது. சாய்வு மேசை, நடுவில் பால்கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு கண்ணாடி. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கியிருப்பார். நெகடிவில் கருப்பு சேர்த்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே இருக்கும் குழி, அம்மைத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றையும் அப்படித்தான் நிரப்புவார். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரமும் முகத்தைத் தலைகீழாகத்தான் வைத்திருப்பார். சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். "நேரா வச்சா ஆளைப் பார்க்க ஆரம்பிச்சிடுவேன்டா. இவர் வாத்தியாராச்சே, கடைக்காரராச்சேன்னு மனசு போயிடும். தலைகீழா வச்சாத்தான் எங்க நிழல் இருக்குன்னு தெரியும்" என்றார்.

உங்களுக்கும் முதல் பயிற்சியாக இதையே சொல்வேன். ஒரு படத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். தலைகீழாகத் திருப்பி மேசையில் வையுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால், ஆட்கள் மறைந்து வடிவங்கள் மேலே வரும். எந்த மூலை கனமாக இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கண்ணை முதலில் இழுப்பது எது என்பதெல்லாம் அப்போது தெரியும். அப்புறம் நேராகத் திருப்புங்கள். அதே படம்தான், ஆனால் உங்களுக்கு அதில் இப்போது பிடிமானம் இருக்கும்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன். எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கக்கூடிய படம் என்பதால்தான் இதை எடுக்கிறேன். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் நிபோமோ என்ற ஊருக்கு அருகே டோரத்தியா லாங்கே எடுத்தது. 'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரில் உலகம் முழுக்கச் சுற்றிய படம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

'ஏழைத் தாய், பசித்த குழந்தைகள்' என்று சொல்லிவிட்டால் அங்கேயே முடிந்தது. அப்படிச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரு பெண். வலது கை மேலே எழுந்து விரல்கள் கன்னத்தோரம் நிற்கின்றன. கன்னத்தை அந்த விரல்கள் தாங்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கின்றன. சட்டைக் கை நைந்து பிரிந்திருக்கிறது. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் அவள் தோளில் சாய்ந்து, முகத்தை நமக்குக் காட்டாமல் திரும்பியிருக்கிறார்கள். நமக்குத் தெரிவது அவர்களின் வெட்டிய தலைமுடியும் கழுத்தும்தான். மடியில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவர் முகமும் நம்மைப் பார்க்கவில்லை. அந்த இருவரும் நம் பக்கம் திரும்பியிருந்தால் நம் பார்வை மூன்று முகங்களுக்குப் பிரிந்து போயிருக்கும். இப்போது வேறு போக்கிடமே இல்லாமல் அந்த அம்மாவின் முகத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. படம் நம்மை ஏன் இப்படிப் பிடிக்கிறது என்பதற்கு 'உருக்கமாக இருக்கிறது' என்பதைவிட நல்ல காரணம் இப்போது கையில் இருக்கிறது. அதுவும் யாரும் சொல்லித்தராமல், நீங்களே பார்த்துப் பிடித்த காரணம்.

சரி, இப்போது வலது கீழ் மூலைக்குப் போங்கள். பார்வையாளர்கள் மூலைக்குப் போவதே இல்லை, அதனால்தான் சொல்கிறேன். அங்கே கூடாரக் கம்பு ஒன்று நிற்கிறது. அதன் அருகே மங்கலாகப் புகைபோல ஒரு தடம் தெரியும். அது ஒரு கட்டைவிரல். கம்பைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் படத்தில் துருத்திக்கொண்டு நின்றது. 1930களின் கடைசியில் லாங்கே அதை நெகடிவிலேயே டச்சிங் செய்து அழிக்கவைத்தார். அவரை வேலைக்கு வைத்திருந்த அரசுத் துறையில் படப்பிரிவுத் தலைவராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கைவைக்கலாமா என்பது அவர் கேள்வி. விரல் அகன்றதால் படம் இன்னும் கச்சிதமாயிற்று என்பது லாங்கே பக்கத்து நியாயம். என்னைக் கேட்டால் விரல் இருந்திருக்கலாம். கூடாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்ற செய்தி அந்த விரலில் இருந்தது.

இந்தப் படத்தை எடுக்க லாங்கே கிட்டத்தட்டப் போகாமலே இருந்திருப்பார். பட்டாணி பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் 20 மைல் தாண்டிப் போய், மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததாக 1960ல் எழுதினார். ஒரே திசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி நெருங்கி எடுத்திருக்கிறார். மற்ற படங்களும் அதே நூலகத்தில் இருக்கின்றன, அவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து எடுத்ததில் முழுக் கூடாரமும் தெரிகிறது. பதின்வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நெருங்க நெருங்க அந்தப் பெண் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறாள். புகழ்பெற்ற கடைசிப் படத்தில் அவள் இல்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே எது போயிற்று என்று எந்தப் படத்திலும் கேட்கலாம். இங்கே அதற்கு விடையும் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் படத்தைப் பற்றிய எழுத்தைப் படிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவில்லை. வயது 32, ஏழு பிள்ளைகள் என்று மட்டும் குறித்துக்கொண்டார். பட்டாணி பறிக்க வந்த இடத்தில் பயிர் உறைபனியில் அழிந்துபோயிருந்தது. சாப்பாட்டுக்காகக் காரின் டயரை விற்றுவிட்டார்கள் என்றும் லாங்கே எழுதினார், அதைக் குடும்பத்தார் பின்னாளில் மறுத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1978ல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே தெரிந்தது. செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். தன்னைப் படமெடுத்திருக்கவே வேண்டாம் என்று அப்போது சொன்னார். வெள்ளைக்கார ஏழைத் தாயின் சின்னமாக அவ்வளவு காலம் கோடிக்கணக்கானவர்கள் பார்த்த முகம் அது. பார்த்த முகத்துக்கு நாமே ஒரு கதையை எழுதி ஒட்டிவிடுகிறோம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால்தான் முதலில் பார், பிறகு படி, படித்ததும் திரும்பவும் பார் என்று சொல்கிறேன். மூன்றாவது முறை பார்க்கும்போது அந்தக் கன்னத்து விரல்கள் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன. கவலையோடு, யாரோ அந்நியர் படமெடுக்கிறார் என்ற கூச்சமும் அதில் இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். பள்ளிகளிலும் அருங்காட்சியகங்களிலும் படம் பார்க்கச் சொல்லித்தர அமெரிக்காவில் பிலிப் யெனவைன், அபிகேல் ஹவுசன் இருவரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் கேள்விகள் மூன்றே மூன்று: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, அப்படிச் சொல்லவைப்பது படத்தில் எது, இன்னும் என்ன இருக்கிறது. நடுக்கேள்விதான் உயிர். 'சோகமாக இருக்கிறாள்' என்று சொன்னால், எதை வைத்து என்று உங்களையே கேளுங்கள். வாயின் ஓரமா, தோளின் சரிவா? ஒன்றையும் காட்ட முடியவில்லை என்றால் அந்தச் சோகத்தை நீங்கள்தான் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதுவும் தப்பில்லை, ஆனால் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். எந்தப் புகைப்படத்தைப் பார்த்தாலும், இது எவ்வளவு நேரத்தின் படம் என்று நான் கேட்டுக்கொள்வேன். 1838ல், புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். வண்டியும் ஆளும் நிறைந்த சாலை, ஆனால் படத்தில் வெறிச்சென்று கிடக்கிறது. தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால், நகர்ந்ததெல்லாம் மறைந்துபோயிற்று. இடது பக்கம் கீழே மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். பூட்ஸுக்கு ஒருவரைப் பாலிஷ் போடவிட்டு ஒரே இடத்தில் நின்றவர். தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸ் 1839ல் பாரிஸில் டாகேரைப் பார்க்கப் போனார். அந்தச் சாலைப் படத்தைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதத்தில், நின்றவரின் கால்கள் தெளிவாக இருப்பதையும், அசைந்ததால் தலையும் உடம்பும் பதியாததையும் எழுதியிருக்கிறார். மோர்ஸ் அடிப்படையில் ஓவியர், பார்க்கத் தெரிந்தவர்.

இதே கண்ணோடு நம் ஊருக்கு வாருங்கள். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் ட்ரைப் 1858ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிப் படமெடுத்தார். பலவற்றில் கோயிலும் மண்டபமும் ஆளரவமே இல்லாமல் நிற்கும். 'அந்தக் காலத்தில் எவ்வளவு அமைதி' என்று பலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்த அமைதியில் ஒரு பங்கு மெழுகு பூசிய காகித நெகடிவினுடையது. ஒளி பதிய நேரம் பிடிக்கும், நடமாடுகிறவர்கள் பதியவே மாட்டார்கள். வானத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும் என்பதால் வானம் வெள்ளைத்தாளாகப் போய்விடும். அதனால் ட்ரைப் சில நெகடிவ்களில் வண்ணம் பூசி மேகங்களை வரைந்து சேர்த்தார். அப்பாவின் பென்சில் வேலைக்கு நூறு வருஷம் முந்தைய அண்ணன்.

ட்ரைப் எடுத்ததிலேயே என்னை அதிகம் கட்டிப்போட்டது தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளின் படம். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கியிருக்கிறார். அதை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. கோயிலைச் சுற்றி நடப்பதுபோல, அதன் கூடவே நடந்துதான் பார்க்க முடியும். பார்க்கிறவரின் காலை மெதுவாக்குகிற படம் அது.

வீட்டுப் படங்களுக்கு இந்த அறிவு இன்னும் பயன்படும். ஒரு கல்யாண வீட்டில் பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "பாட்டி ஏன் கல்யாணத்துக்குக் கருப்புப் புடவை கட்டியிருக்காங்க?" என்று கேட்டாள். புடவை அரக்குச் சிவப்புக் கூறை. அந்தக் காலத்துத் தகடுகளும் பிலிம்களும் பலவும் சிவப்பை வாங்காது. சிவப்பெல்லாம் கருப்பாகவே விழும். குங்குமப் பொட்டு கருப்பாகத் தெரியும், வெற்றிலை போட்ட உதடு கருப்பாகத் தெரியும், நம் மாநிறமும் ஒரு படி இருட்டாகவே விழும். எல்லா நிறத்தையும் சரியான அளவில் வாங்கிக்கொள்கிற கருப்பு வெள்ளைத் தகடு 1906லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் டெவலப் செய்யலாம் என்ற வசதிக்காகவே பழைய வகையை விடாமல் வைத்திருந்த ஸ்டுடியோக்கள் உண்டு. 'தாத்தா நல்ல கருப்பு' என்று ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ படத்தில் நான் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கைகள், பிறகு கால்கள், பிறகு பின்னால் தொங்குகிற திரைச்சீலை தரையைத் தொடும் இடம். முகத்தைப் போட்டோகிராபர் சரிசெய்துவிடுவார், 'கொஞ்சம் நிமிருங்க, இங்க பாருங்க' என்று. கையை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். என் அத்தையின் ஏழு வயதுப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பட்டுப்பாவாடை, இரட்டைச் சடை, பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலி. வலது கை முக்காலிமேல் அழகாக இருக்கிறது. இடது கை மட்டும் இறுக மூடிய முஷ்டி, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறது. முப்பது வருஷமாக அந்தப் படம் எங்கள் கூடத்தில் தொங்கியது. ஒருநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விரல் இடுக்கில் காகித முனை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அத்தையிடமே கேட்டேன். "பஸ் டிக்கெட்டுடா. தொலைச்சா அப்பா திட்டுவாரேன்னு கையிலேயே வச்சிருந்தேன்" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பஸ், அவர்கள் வந்த ஊர், ஸ்டுடியோவில் முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டவர் என்று பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் காகித முனை கண்ணில் படாமல் போயிருந்தால் இதில் ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

பார்க்கவே கூசுகிற படங்களும் உண்டு, அவற்றையும் சொல்லாமல் விட முடியாது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில், வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களைப் படமெடுத்தார். முதல் பார்வையில் அதிர்ச்சியாகி உடனே பக்கத்தைத் திருப்பிவிடுவோம். கொஞ்சம் நின்றால் இன்னொன்று தெரியும். அவர்கள் குடும்பப் படத்துக்கு உட்கார்வதுபோல வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படமெடுப்பு சட்டென்று முடிகிற வேலை இல்லை. கேமராவை நிறுத்தி, தகட்டைத் தயார் செய்து, அசையாதே என்று சொல்லி எடுக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தப் பட்டினி உடம்புகள் ஒரு கேமராவின் முன்னால் காத்திருந்திருக்கின்றன. உட்காரச் சொன்னவர் படத்தில் இல்லை, ஆனால் அந்த வரிசை ஒழுங்கில் அவர் இருக்கிறார். இப்படிப்பட்ட படத்தில் 'கலை' தேட எனக்கு மனசு வராது. நான் செய்வது, ஒவ்வொரு முகமாக, ஒவ்வொருவராகப் பார்ப்பது. பெயர் இல்லாமல் போனவர்களுக்கு அவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வீட்டில் பழக ஒரு வழி. வாரம் ஒரு படம் போதும். தினம் ஒன்று என்று ஆரம்பித்தால் பத்தாவது நாள் விட்டுவிடுவீர்கள். போனில் பார்க்காதீர்கள், விரலால் பெரிதாக்கினால் துண்டு தெரியும், முழுசு காணாமல் போகும். காகிதத்தில் அச்சிட்டு, கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்துக்கொண்டு, தெரிவதையெல்லாம் எழுதுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் 'அவ்வளவுதான், இனி ஒன்றுமில்லை' என்று நிச்சயமாகத் தோன்றும். அது எல்லாருக்கும் வருகிற சலிப்பு, எனக்கு இன்றைக்கும் வருகிறது. எழுந்திருக்காதீர்கள். அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் மூலைகள், நிழல்கள், பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் வர ஆரம்பிப்பார்கள். எழுதப் பிடிக்கவில்லை என்றால், படத்தைப் பார்க்காத ஒருவருக்குப் போனில் வர்ணியுங்கள், அவர் அதை ஒரு தாளில் வரையட்டும். 'ஒரு பையன் நிற்கிறான்' என்பீர்கள், 'எந்தப் பக்கம் திரும்பி?' என்று அவர் கேட்பார். நீங்கள் பார்க்காமல் விட்டது எது என்று அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும். குழந்தைகளோடு செய்தால் உங்களைவிட அவர்கள் அதிகம் கண்டுபிடிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் கறை வெறும் கறையாகவும் இருக்கலாம். பார்த்துக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

அந்தக் கண்காட்சி இன்னும் முடியவில்லை என்றால் திரும்பவும் போங்கள். அறுபது படங்களையும் வேகமாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள், அதில் தப்பே இல்லை. ஏதோ ஒன்று உங்களைக் கொஞ்சம் உறுத்தும். பிடித்ததாக இருக்க வேண்டுமென்று இல்லை, புரியாததாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் படிக்காமல் அதன் முன்னால் நில்லுங்கள். காவலரிடம் கேட்டால் நாற்காலி தருவார். வலது கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள்.